காணாமல் போன ‘க்’

கேள்வி: பேய் நடமாட்டம் உண்மையா? நன்றாகப் படித்தவர்கள்கூட நம்புகிறார்களே, ஏன்?

பதில்: பேய்க்குக் கால் கிடையாது என்கிறவர்களேதான் பேய் ‘நடமாட்டம்’ என்றும் சொல்கிறார்கள். கால் இல்லாமல் என்ன நடை, என்ன ஆட்டம்? ஒருமுறை ‘பேய் மிதப்பாட்டம்’ என்று எழுதிப் பார்த்தேன். எங்கள் பிழைதிருத்துபவர் அகராதியில் அப்படியொரு சொல் இல்லை என்று அடித்துவிட்டார். “பேய் மட்டும் இருக்கிறதோ?” என்றேன். “இருக்கிறது, பக்க எண் சொல்லட்டுமா?” என்றார். ஆக, பேய் அகராதியில் இருக்கிறது. வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அவருக்கும் எனக்கும் பழைய பகை. மாலையில் ‘பேய்க் கதை’ என்று கொடுத்துவிட்டுப் போனேன். காலையில் ‘பேய் கதை’ என்று அச்சாகி நிற்கிறது. அந்த ‘க்’ எந்த வழியாகப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த அலுவலகத்தில் ஏதாவது உலவுகிறது என்றால் அது ஒற்றெழுத்துதான்.

சரி, படித்தவர்கள். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் மருத்துவம் படித்தவர். ஆவிகளை முழுசாக நம்பினார். 1922-இல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு ஹோட்டல் அறை. எதிரே மாயவித்தைக்காரர் ஹூடினி. டாயிலின் மனைவி கையில் பென்சிலுடன் ஹூடினியின் காலமான அம்மாவை ‘வரவழைத்தார்’. பென்சில் விறுவிறுவென்று ஓடியது, பக்கம் பக்கமாக மகனுக்குப் பாசம். தாளின் உச்சியில் ஒரு சிலுவை. ஹூடினியின் அப்பாவோ யூத மதகுரு. அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. கடிதம் நல்ல ஆங்கிலத்தில் இருந்தது! நட்பு அதன்பிறகு தேறவில்லை.

அதற்காக டாயிலை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்பே நம்பியவர்தான், ஆனால் 1918-இல் மகனையும் பறிகொடுத்தார். ஹூடினி மட்டும் என்ன? அம்மாவிடமிருந்து ஒரு வரி வராதா என்ற ஏக்கத்தோடுதான் அங்கே உட்கார்ந்தார். இதில் படிப்பு எங்கே வந்தது?

அப்புறம், ராத்திரி நெஞ்சில் ஏறி உட்காரும் அமுக்குவான் பேய். மூளை விழித்துக்கொள்கிறது, உடம்பு இன்னும் தூக்கத்தின் பிடியில் கிடக்கிறது, அவ்வளவுதான். பட்டம் பெற்றவர்களையும் அமுக்கும்.

ஹூடினி 1926-இல் இறந்தார். முடிந்தால் சேதி அனுப்புவதாக மனைவியிடம் ரகசியச் சொல் ஒன்று பேசிவைத்திருந்தார். அந்த அம்மாள் பத்து வருடம் காத்திருந்துவிட்டு, 1936-இல் விளக்கை அணைத்தார். ஹூடினி வரவில்லை.

எங்கள் ‘க்’கும் இன்னும் வந்து சேரவில்லை.