இருபது நிமிஷம் கொதித்தும் வேகாத நூடுல்ஸ்

கடல் பாசியின் பிசினில் செய்கிற கெல்ப் நூடுல்ஸ் பற்றி ஒரே மாதத்தில் ஐந்து கடிதங்கள் வந்துவிட்டன. இந்தத் தடவை அதற்கே பக்கத்தை ஒதுக்கிவிட்டேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் ஈரோட்டில் துணி பிரிண்டிங் யூனிட் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் சாயப் பசை கலக்கியவன். அந்த அறைக்குப் பெயரே கலர் கிச்சன்தான். இப்போது வீட்டு கிச்சனில் இருக்கிறேன், சம்பளம் மட்டும் இல்லை.

கேள்வி: மகன் பெங்களூரிலிருந்து கெல்ப் நூடுல்ஸ் ஒரு பாக்கெட் வாங்கி வந்தான். கண்ணாடி இழை மாதிரி இருக்கிறது. இருபது நிமிஷம் கொதிக்க வைத்தும் வேகவில்லை. கடித்தால் நறுக் நறுக்கென்கிறது. "இதென்ன அம்மணி, தூண்டில் நரம்பா?" என்று மாமியார் கேட்கிறார். நான் எங்கே தப்பு விட்டேன்? (வாசகி, காங்கயம்)

பதில்: அம்மணி, இன்னும் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்திருந்தாலும் அது அப்படியேதான் இருந்திருக்கும். அதில் வேகிறதற்கு மாவே கிடையாது.

கெல்ப் என்பது ஜப்பான், கொரியா, சீனா பக்கம் குளிர்ந்த கடலில் வளரும் பெரிய பழுப்புப் பாசி. அதில் இருக்கிற ஆல்ஜினேட் என்ற பிசினைத் தண்ணீரில் கரைத்து, நூலாகப் பிழிந்து, கால்சியம் உப்புக் கரைசலில் விழ வைத்தால் அந்த நூல் உடனே இறுகிவிடும். பிசினின் இழைகளைக் கால்சியம் ஒன்றோடு ஒன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்கிறது. சூட்டுக்கு அந்தக் கொக்கி கழலாது. கழற்ற வேண்டுமானால் கால்சியத்தை வெளியே இழுக்க வேண்டும்.

நீங்கள் எந்தத் தண்ணீரில் கொதிக்க வைத்தீர்கள் என்று எழுதவில்லை. போர் தண்ணீராகத்தான் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். நம் பக்கத்து போர் தண்ணீரில் துவரம்பருப்பு போட்டால் மூன்று விசில் விட்டும் முழித்துக்கொண்டு கிடக்கும் இல்லையா? அதற்கு நம் வீட்டுப் பெண்கள் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுவார்கள். தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், பருப்பை இறுக்கிப் பிடிக்கிறது. சோடா அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. உங்கள் நூடுல்ஸிலும் அதே கதைதான். கால்சியத்தால் இறுகிய பண்டத்தைக் கால்சியம் நிறைந்த தண்ணீரிலேயே போட்டால் எப்படி இளகும்?

இனி இப்படிச் செய்யுங்கள். குடிக்க வைத்திருக்கிற நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் எடுங்கள். ஆத்துத் தண்ணீர் வருகிற வீடானால் கவலையே இல்லை, கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சிறுவாணி இருக்கிறது. கை பொறுக்கிற அளவு சூடாக்கி, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவும் அரை எலுமிச்சம்பழச் சாறும் விடுங்கள். புஸ்ஸென்று பொங்கும், பயப்பட வேண்டாம். சாறும் சோடாவும் சேர்ந்தால் சோடியம் சிட்ரேட் உண்டாகும். கால்சியத்தைப் பிடித்து இழுக்கிறதில் அது கெட்டிக்காரன். நூடுல்ஸை இரண்டு மூன்று தடவை அலசி, கத்தரியால் சாண் நீளத்துக்கு வெட்டி, அதில் அமுக்கி வையுங்கள்.

ஐந்தாவது நிமிஷத்திலிருந்து ஒவ்வொரு இழையாக எடுத்து விரலில் சுற்றிப் பாருங்கள். முதலில் கம்பி மாதிரி விறைத்து நிற்கும். அப்புறம் வளையும். விரலைச் சுற்றிப் படுத்துக்கொண்டு, பல்லில் லேசாக மட்டும் தடுக்கினால் அதுதான் பதம். பத்திலிருந்து இருபது நிமிஷத்துக்குள் வந்துவிடும். உடனே வடித்து, சோடா வாடை போகும் வரை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

பாத்திரத்துப் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. முதல் தடவை நான் சோடாவை மூன்று ஸ்பூன் அள்ளிப் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பாத்திரத்தில் நூடுல்ஸைக் காணோம், வெண்டைக்காய்க் கொழகொழப்பு மட்டும் இருந்தது. வீட்டம்மா அதைக் கரண்டியில் தூக்கிப் பார்த்து, "உங்க யூனிட்டுப் பசையை வீட்டுக்கே கொண்டாந்துட்டீங்களா?" என்றாள். உண்மையில் அது அதேதான், யூனிட்டில் நான் சாயம் கலக்கிய பசையும் இந்த ஆல்ஜினேட்தான்.

கேள்வி: இதில் சந்தகை செய்யலாமா? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: சந்தகை என்ற பெயரை அதற்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. புழுங்கலரிசியை ஊறவைத்து ஆட்டி, இட்லியாக வேகவைத்து, ஆவி பறக்கப் பறக்கப் பிழிகிறதுதான் சந்தகை. ஆனால் சந்தகைத் தாளிப்பு இதற்கு அருமையாகப் பொருந்துகிறது.

தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் மட்டும் வேண்டாம். அரிசி பாலை உறிஞ்சும், இது உறிஞ்சாது. பால் தட்டில் தனியாக ஓடும், நூல் தனியாக நிற்கும். எலுமிச்சைதான் சரி. இளக வைத்த நூடுல்ஸை வடிதட்டில் கால் மணி நேரம் போட்டு, அப்புறம் துண்டில் பரப்பி ஒற்றி எடுங்கள். இந்த வேலையைச் செய்யாமல் விட்டால் வாணலியில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். கடலெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள்தூள். உப்பைத் தாளிப்பிலேயே, நீங்கள் வழக்கமாகப் போடுவதைவிடக் கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கள். நூலுக்குள் உப்பு அவ்வளவாக இறங்காது, மேலே ஒட்டுவதுதான் ருசி. நூடுல்ஸைக் கொட்டி இரண்டு பிரட்டு, அடுப்பை அணைத்து எலுமிச்சை பிழிந்து, தேங்காய்த் துருவல் தூவி இறக்குங்கள்.

எங்கள் வீட்டில் இதைவிட எடுபட்டது பள்ளிபாளையம் கோழிக்கறிக்குள் போட்டதுதான். வரமிளகாயைக் கிள்ளி விதையை உதிர்த்துவிட்டு, சின்ன வெங்காயம் நிறைய, தேங்காய்ச் சில்லு, மஞ்சள். மசாலாப் பொடி எதுவும் கிடையாது. கறி வெந்து தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரிகிற நேரத்தில் நூடுல்ஸைச் சேர்த்தால், அந்தக் காரமும் கொழுப்பும் ஒவ்வொரு நூலிலும் பூசிக்கொள்ளும். இதற்கு மட்டும் ரொம்ப இளக வைக்காதீர்கள், கொஞ்சம் நறுக்கென்று இருக்கட்டும். ஒறம்பரைக்கு வந்திருந்த மச்சான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என்னவென்று கடைசி வரை நாங்கள் சொல்லவில்லை.

கேள்வி: இதுவும் நோன்புக்குச் செய்கிற கடல்பாசியும் ஒன்றா? (வாசகர், கரூர்)

பதில்: ஒன்றில்லை. அந்தக் கடல்பாசி, கடையில் சைனா கிராஸ் என்று தருகிறது, சிவப்புப் பாசியிலிருந்து வருகிறது. ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசி அந்த இனம். அது சூட்டில் உருகும், ஆறினால் உறையும். கெல்ப் நூடுல்ஸ் அடுப்பில் உருகாது. அதனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது. நம் மன்னார் வளைகுடாவில் கெல்ப் வளராது. ஆனால் ஆல்ஜினேட் தருகிற பழுப்புப் பாசி அங்கேயும் உண்டு, கட்டக்கோரை என்பார்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்குத் தைராய்டு. இருவரும் சாப்பிடலாமா? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: அப்பாவுக்குத் தரலாம். மாவுச்சத்து அநேகமாக இல்லை, கலோரியும் சொற்பம். ஆனால் புரதமும் இல்லை. இதை மட்டும் சாப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வயிறு கூப்பிடும். முளைகட்டிய பச்சைப்பயறோ கொள்ளோ முட்டையோ கூடச் சேர்த்துக் கொடுங்கள். நூடுல்ஸை நம்பி மாத்திரையைக் குறைக்க வேண்டாம்.

அம்மா விஷயத்தில் நிதானம் வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம்தான், கெல்ப் பாசியிலோ அது மிக அதிகம். பிசினைப் பிரித்துச் செய்வதால் நூடுல்ஸில் குறைவாக இருக்கும் என்றாலும் பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும். சிலர் கெல்ப் தூளையும் கலக்கிறார்கள். பாக்கெட்டை எடுத்துப் போய் டாக்டரிடமே காட்டிக் கேளுங்கள். அது வரை அம்மாவுக்கு அரிசிச் சந்தகை இருக்கிறது.

கேள்வி: என் வீட்டுக்காரர் பிரிண்டிங் யூனிட்டில் வேலை செய்கிறார். அங்கே ஆல்ஜினேட் மூட்டை மூட்டையாக இருக்கிறதாம். கொஞ்சம் கொண்டுவந்து வீட்டிலேயே பிழிந்து பார்க்கவா? (வாசகி, சென்னிமலை)

பதில்: வேண்டவே வேண்டாம்! இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் போலிருக்கிறது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம், அதாவது நூலோடு வினை புரிந்து பிணைகிற சாயம், அச்சடிக்க ஆல்ஜினேட் பசைதான் தோது, ஸ்டார்ச் பசை போட்டால் சாயம் துணியை விட்டுவிட்டுப் பசையோடு ஒட்டிக்கொள்ளும். அந்த மூட்டை துணிக்கென்று தயாரித்தது, வயிற்றுக்கென்று சுத்தம் செய்ததில்லை. அது இருக்கிற அறையில் சாய டப்பாக்கள் வேறு.

ஆசையாக இருந்தால் உணவுத் தரம் என்று போட்ட சோடியம் ஆல்ஜினேட் வாங்குங்கள். சேர்மானப் பட்டியலில் அதன் எண் 401. அரை லிட்டர் நல்ல தண்ணீருக்கு 10 கிராம். மிக்ஸி ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் மீன்முட்டை மாதிரி கட்டி தட்டும், கலர் கிச்சனில் இதற்காக நான் வாங்காத திட்டில்லை. போர் தண்ணீரில் கரைத்தாலும் சரியாகக் கரையாமல் திரியும். யூனிட்டில் அதற்கென்று கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிற கால்கான் உப்பைப் போடுவோம், வீட்டில் நல்ல தண்ணீரே போதும். கலவையை ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தால் நுரை அடங்கிவிடும்.

மறுநாள் ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கால்சியம் லாக்டேட் கரைத்து வையுங்கள். இதுவும் உணவுத் தரம்தான் வேண்டும். கால்சியம் குளோரைடிலும் வரும், நாக்கில் கசப்பு நிற்கும். பிசினை மருதாணிக் கோன் மாதிரி சுருட்டிய கவரில் ஊற்றி, நுனியைச் சின்னதாக வெட்டி, கரைசலுக்குள் ஒரே சீராகப் பிழிந்து ஐந்து நிமிஷம் விட்டு அலசுங்கள். மீந்ததைத் தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து நாலு நாளில் தீர்த்துவிடுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் தண்ணீரைக் கக்கிவிட்டுச் சப்பையாகிவிடும்.

முதல் தடவை கை நடுங்கி, நூலாக வராமல் புழு மாதிரி துண்டு துண்டாகத்தான் விழும். அதையும் தாளித்துச் சாப்பிடலாம், மாமியார் பார்க்காத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.