மேலூர் அப்பாவுக்கு: மகளைத் தடுக்காதீர்கள்

ஐயா, வணக்கம். ஐ.சி.யு.வில் மூன்று ஆண்டுகள் பணியாற்றிய உங்கள் மகளை, மதுரையில் அதே மருத்துவமனையில் தொற்றுத் தடுப்புச் செவிலியராக வரச் சொல்லியிருக்கிறார்கள். "நோயாளியைத் தொடாமல் கோப்பு எழுதும் வேலைதானே, இதற்கா நர்சிங் படிக்க வைத்தேன்?" என்று கேட்டிருந்தீர்கள்.

கோப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செவிலியர் காலையில் ஆய்வகத்தின் கல்ச்சர் முடிவுகளை, அதாவது யாருடைய மாதிரியில் என்ன கிருமி வளர்ந்திருக்கிறது என்பதை, பார்த்த கையோடு கட்டில் கட்டிலாகப் போவார். இவருக்குச் சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா? வென்டிலேட்டரில் இருப்பவரின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கிறதா? தேவையில்லாத குழாய் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்கு வழி திறந்திருக்கிறது. அதை மருத்துவரிடம் சொல்லி எடுக்கச் செய்வது நோயாளியைக் காக்கும் வேலை இல்லையா?

நுண்ணுயிரியல் மருத்துவர் முதல் சலவைப் பிரிவு வரை எல்லோரோடும் அவருக்குப் பேச்சு உண்டு. துப்புரவுப் பணியாளரோடுதான் அதிகம். ஊசியும் பிளேடும் வெள்ளைப் பெட்டிக்குப் போக வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதி. யாரோ சிவப்புப் பையில் போட்ட ஊசி, பை தூக்குபவரின் கையில் குத்தும். அப்படிக் குத்திவிட்டால், தேவைப்படும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், கூடுமானவரை உடனே தொடங்க வேண்டும். வேலை போய்விடுமோ என்று குத்துப்பட்டவர் மறைக்காமல் ஓடி வந்து சொல்லும் அளவுக்குச் செவிலியர் நம்பிக்கை பெற்றிருப்பதுதான் இந்தப் பணியின் உயிர்நாடி என்பேன்.

மூத்த அறுவை மருத்துவரையும் நிறுத்தி, "டாக்டர், கை சுத்தம் செய்யவில்லை" என்று சொல்ல வேண்டிவரும். மகள் எதிர்த்துப் பேசுகிறாள் என்று குறைப்பட்டிருந்தீர்களே, அந்தத் துணிச்சல் இங்கே பெரிய தகுதி.

நோய் தொற்றிக்கொள்ளும் என்ற பயம் வேண்டாம், ஐ.சி.யு.வில் இதுவரை இருந்ததைவிட இதில் ஆபத்து அதிகமில்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுவதும் போட்டிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். பணியும் பெரும்பாலும் பகலில்தான். இரவுப் பணிக்காக மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் வந்து இறங்குவது குறையும்.

சம்மதிக்கும் முன் கேட்க வேண்டியவை உண்டு. இது முழுநேரப் பொறுப்பா, வார்டு வேலையோடு சேர்த்துச் சுமத்துகிறார்களா? 250 படுக்கைக்குக் குறைந்தது ஒருவர் முழுநேரமாக வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். யாருக்குக் கீழே வேலை? சம்பளம் எழுத்தில் வருமா? வார்டு வேலையும் சேர்த்துத்தான் என்றால், நானே வேண்டாம் என்பேன்.

இவற்றை மகளே கேட்கட்டும், ஐயா. நீங்கள் உடன் போக வேண்டாம்.