கோணல் வீடு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் செஷயரில் உள்ள லிட்டில் மோர்டன் ஹால் என்ற மர வீட்டின் படத்தைப் பார்த்தேன். அகழிக்கு நடுவே கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக நிற்கிறது. ஆனால் நேர்க்கோடு என்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மாடி துருத்திக்கொண்டு நிற்கிறது, ஜன்னல் வரிசை வளைந்து போகிறது. அந்தக் காலத் தச்சர்களுக்குத் தூக்குக்குண்டு தெரியாதா? அப்புறம் எப்படி 500 வருடம் நின்றது?

ஆர்.

அன்புள்ள ஆர்,

தூக்குக்குண்டெல்லாம் நன்றாகவே தெரிந்தவர்கள்தான். குற்றம் சொல்வதென்றால் வீட்டுக்காரர்களைச் சொல்லலாம்.

அங்கே பாரம் தாங்குவது ஓக் மரத் தூண்களும் உத்தரங்களும் சேர்ந்த சட்டகம். இடையிலுள்ள வெள்ளைக் கட்டங்கள் வெறும் அடைப்பு. அந்தக் காலத்தில் குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். ஓக் காய்ந்துவிட்டால் உளி இறங்காது என்பதால் பச்சையாகவே இழைத்தார்கள். ஒரு மரத்தின் நுனியை நாக்குபோலச் செதுக்கி இன்னொன்றின் துளையில் செருகி, குறுக்கே மர ஆணி அடிப்பார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நாக்கில் போடும் ஓட்டையை மட்டும் துளியூண்டு தள்ளிப் போடுவார்கள். ஆணி இறங்க இறங்க இரண்டு மரத்தையும் இழுத்து இறுக்கிவிடும். மரம் அப்புறம் நின்ற இடத்திலேயே காயும், முறுக்கும். சின்னச் சின்னக் கோணல்கள் அப்படி வந்தவை. மாடி துருத்துவது கோணலே அல்ல, வேண்டுமென்றே அப்படிக் கட்டுவதுண்டு.

பெரிய கோணல் வேறு கதை. மோர்டன் குடும்பம் 1504 வாக்கில் ஆரம்பித்து நூறு வருடம் விட்டு விட்டுக் கட்டியது. 1560 வாக்கில் தெற்குப் பகுதியைக் கட்டும்போது, வேலை தொடங்கிய பிறகு, உச்சியில் இன்னொரு தளம் வேண்டுமென்று தோன்றியிருக்கிறது. 68 அடி நீளத்துக்கு ஒரு கூடம். மழை நாளில் உள்ளேயே உலாவலாம், வந்தவர்களிடம் பெருமையும் அடித்துக்கொள்ளலாம். போதாததற்குக் கூரைக்குக் கனத்த கற்பலகைகள். கீழே இருந்த சட்டகம் அந்தப் பாரத்துக்காகப் போட்டதல்ல. உத்தரங்கள் தொய்ந்தன, சுவர்கள் பிதுங்கின. ஆனால் மூட்டுகள் விடவில்லை. விறைப்பான கல் சுவராக இருந்தால் எப்போதோ வெடித்திருக்கும் என்பது என் எண்ணம். சரி, மரத்தின் சாமர்த்தியம் மட்டும் என்றும் சொல்ல முடியாது. 1938 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற, பழைய கட்டிடங்களைக் காக்கும் அமைப்பு பராமரிக்கிறது, பெரிய அளவில் பழுதுபார்த்தும் இருக்கிறார்கள்.

நீங்கள் ரசித்த அந்தக் கறுப்பு வெள்ளை பெரும்பாலும் விக்டோரியா காலத்து மோகம். அதற்குமுன் ஓக்கை அப்படியே விட்டுவிடுவார்கள், வெயிலும் மழையும் பட்டு வெள்ளிச் சாம்பல் நிறமாகிவிடும்.

தச்சரைக் கேட்டீர்கள் அல்லவா? முற்றத்தைப் பார்த்த ஜன்னல்களில் எழுத்து செதுக்கியிருக்கிறது. வில்லியம் மோர்டன் 1559-இல் இவற்றைச் செய்வித்தார் என்று ஒரு வரி. கூடவே, 'கடவுள் அருளால் இந்த ஜன்னல்களைச் செய்தவன் தச்சன் ரிச்சர்டு டேல்' என்று இன்னொன்று. கார்பெண்டர் என்ற சொல்லை மட்டும் 'கார்பெடர்' என்று செதுக்கியிருக்கிறார்.