குளத்து நீரில் பரவும் சிஸ்டோசோமியாசிஸ் என்ற புழு நோயைக் கட்டுப்படுத்த ஆடுமாடுகள் உதவுமா?

உதவும். ஆனால் மாட்டைக் குளத்தில் இறக்கிவிடுவதால் அல்ல, குளத்துப் பாசியை, அதாவது நீருக்குள் வளரும் செடியைக் கரையேற்றி அதற்குத் தீனியாக்குவதால்.

செனகல் நாட்டில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கே 1986இல் தியாமா அணை வந்து ஆற்றில் உப்புநீர் ஏறுவது நின்றதும் நத்தைகள் பெருகின. நத்தைக்குள் வளர்ந்து, மனிதரின் தோலைத் துளைத்து ரத்தக்குழாயில் குடியேறும் புழுவும் பெருகியது. மாத்திரை கொடுத்தாலும், அதே தண்ணீரில் இறங்கும் பிள்ளைக்கு மறுபடி தொற்றிவிடும். வயல் உரம் வழிந்து பாசி அடர, நத்தைக்குக் கொண்டாட்டம். ஆய்வாளர் ஜேசன் ரோர் குழுவினர் பாசியை வாரிப் பார்த்து, 2023இல் நேச்சர் அறிவியல் இதழில் எழுதினார்கள். பாசியை வாராத இடங்களில், குடலைத் தாக்கும் வகை பிள்ளைகளுக்கு மறுபடி தொற்றியது 124 சதவீதம் அதிகம். வாரிய பாசி கால்நடைக்குத் தீனியானது, மட்கவைத்தது வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் உரமானது.

சரி, நம்ம குமரி மாவட்டத்துக்கு வருவோம். இங்கே இந்த வகைப் புழுவால் அவதிப்படுவது மாடுகள்தான். தமிழ்நாட்டில் மாட்டுக்குக் குறட்டை நோய் வருவதும் இதே இனப் புழுவால். மூச்சு கர்கர் என்று இழுக்கும், மூக்குக்குள் காலிஃபிளவர் மாதிரி சதை வளர்ந்திருக்கும். சளியோடு முட்டை குளத்தில் விழுந்து, நத்தைக்குள் வளர்ந்து, திரும்ப மாட்டில் ஏறும். மாட்டுப் புழுக்களின் குஞ்சுகள் நம் தோலிலும் நுழையும், ஆனால் உள்ளே பிழைக்காது. நடவுக்கு இறங்கும் பெண்களுக்குக் காலில் வரும் அரிப்புக்கு அதுவும் ஒரு காரணம். அதனால் மாட்டுக்குத் தொட்டியில் தண்ணீர் காட்டுங்கள். குளத்து நீர்தான் கதி என்றால் இரண்டு நாள் தேக்கிவைத்துக் காட்டலாம், அதற்குள் புழுக்குஞ்சு செத்துவிடும்.

செனகல் முறையை இங்கே அப்படியே எடுக்காதீர்கள். மாட்டின் ஈரலைத் தாக்கும் தட்டைப்புழு என்ற வேறொரு புழுவின் கூடுகள் நீர்ச்செடியில்தான் ஒட்டியிருக்கும். பச்சையாகப் போட்டால் நோயை நாமே ஊட்டியதாகும். நன்றாகச் சருகாகக் காய்ந்த பிறகே போடுங்கள், மழைக்காலம் என்றால் நேராக உரக்குழிக்கு. தண்ணீர் நின்ற வயல் வைக்கோலிலும் அடித்தாளைக் கழித்துவிட்டு மேல்பாகத்தைப் போடுவது நல்லது.

நத்தைக்கு வாத்தும் நல்ல எதிரி. கன்னிப்பூ, கும்பப்பூ நெல் பருவங்களின் அறுப்பு முடிந்த வயலில் வாத்துக்கூட்டம் மேய வந்தால் விரட்டாதீர்கள்.

அப்புறம், சுசீந்திரம் தேரூர்க் குளங்கள் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. செடிகளுக்குள் பறவைகள் கூடு கட்டுகின்றன. அங்கே வனத்துறையிடம் கேட்காமல் கைவைக்கக் கூடாது. மற்றக் குளங்களிலும் ஆட்கள் இறங்கும் படித்துறையை ஒட்டி வாரினால் போதும்.