பாக்கெட்டில் 3%, கணக்குப் போட்டால் 46%: கேள்வி பதில்

மேடம், நாங்க வாங்குற டோன்டு பால்ல கொழுப்பு 3%னு போட்டிருக்கு. அப்ப அதுல வர்ற கலோரில 3% தான் கொழுப்பா?

இல்லைங்க. அந்த 3% எடைக் கணக்கு. 100 கிராம் பாலில் 3 கிராம் கொழுப்பு, 8.5 கிராம் மற்ற சத்துகள், மிச்சம் 88 கிராமுக்கு மேல் வெறும் தண்ணீர். தண்ணீருக்குக் கலோரி கிடையாது. கொழுப்புக்குக் கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4. ஆக, கொழுப்பிலிருந்து 3 × 9 = 27 கலோரி. மற்ற சத்துகளிலிருந்து சுமார் 32. மொத்தமே சுமார் 59தான். 27ஐ 59ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 46%. 6% கொழுப்புள்ள ஃபுல் க்ரீம் பாலுக்குப் போட்டால் 60%ஐத் தாண்டும்.

அப்ப தண்ணி ஊத்திக் காய்ச்சினா குறையுமா?

பாதிக்குப் பாதி ஊற்றினால் எடைக் கணக்கில் 1.5% ஆகும். கலோரிக் கணக்கில் அதே 46%. டம்ளருக்குக் கலோரி குறையும், பங்கு மாறாது. தயிரைத் தண்ணீர் விட்டுக் கரைத்த மோருக்கும் இதே கதைதான். கடைந்து வெண்ணெய் எடுத்த மோர் வேறு. அதில் கொழுப்பில் பெரும்பகுதி வெளியே போய்விடுகிறது.

முறுக்கு பாக்கெட் பின்னாடி நிறைய வரி இருக்கு. எதைப் பார்க்கணும்?

இரண்டே வரி: எனர்ஜி, டோட்டல் ஃபேட். 520 கலோரி, 30 கிராம் என்று இருந்தால் 30 × 9 = 270. அதை 520ஆல் வகுங்கள், 52%. கீழே சாச்சுரேட்டட், டிரான்ஸ் என்று வரும் கொழுப்பு வகைகள் அந்த 30க்குள் அடங்கியவைதான். பலர் அதையும் சேர்த்துக் கூட்டிவிட்டு என்னிடம் சண்டைக்கு வருவார்கள். இன்னொன்று, கலோரியை 100 கிராம் கட்டத்திலும் கொழுப்பை ஒரு வேளை அளவுக் கட்டத்திலும் எடுத்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே கட்டத்தில் இருக்க வேண்டும்.

எண்ணெய் பாட்டில்ல "கொலஸ்ட்ரால் இல்லை"னு இருக்கே, அது கொழுப்பு கம்மியா?

இல்லைங்க. செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிட்டத்தட்ட இருக்காது; அதனால் கொழுப்பு கம்மி என்று ஆகிவிடாது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவானாலும் கலோரி முழுக்கக் கொழுப்புதான். 100%.

வீட்ல சுடுற தோசைக்கு லேபிள் ஏது அக்கா?

நல்ல கேள்வி. கல்லில் எண்ணெயைச் சுற்றி ஊற்றும் கை அளவு பார்ப்பதில்லை. ஒரு நாள் மட்டும் 5 மில்லி ஸ்பூனால் ஊற்றிப் பாருங்கள். ஒரு ஸ்பூன் சுமார் 4.5 கிராம், 40 கலோரி. ஒரு தோசைக்கான மாவு 100 கலோரி என்று வைத்துக்கொள்வோம். மாவில் கொழுப்பு மிகக் குறைவு. ஒரு ஸ்பூன் விட்டால் 140க்கு 40, கிட்டத்தட்ட 29%. ஓரம் மொறுமொறுவென்று வர இரண்டாவது ஸ்பூன் விட்டால் 180க்கு 80, 44%. அதே மாவு இட்லித் தட்டுக்குப் போனால் சொற்பம். நெய் ரோஸ்ட்டைப் பற்றிக் கேட்காதீர்கள், எனக்கும் பிடிக்கும்.

வேர்க்கடலைக்குப் போட்டா 78% வருது. நிறுத்திடவா?

கணக்கு சரி, முடிவு தப்பு. கொழுப்பு 30%க்குள் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது முழு நாள் சாப்பாட்டுக்கு, ஒவ்வொரு பண்டத்துக்கும் இல்லை. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 600 கலோரி, அதாவது சுமார் 67 கிராம் கொழுப்பு. 30 கிராம் கடலையில் சுமார் 15 கிராம் போய்விடும். சோறு, பருப்பு, காய்க்கு இடம் இருக்கிறது. அதே கடலையை எண்ணெயில் பொரித்து மசாலா போட்டு, பேச்சுவாக்கில் பாக்கெட்டையே காலி செய்வதுதான் இடிக்கும்.

துபாய்ல இருக்கேன். சில பாக்கெட்ல கலோரி இல்லாம கிலோஜூல் மட்டும் இருக்கு.

கொழுப்புக் கிராமை 9க்குப் பதில் 37ஆல் பெருக்கி, மொத்தக் கிலோஜூலால் வகுத்துக்கொள்ளுங்கள்.