சிவில் முடித்தவர்கள் கேட்டவை: சைட்டா, டிசைனா, அரசு வேலையா?

புதிதாக சிவில் இன்ஜினியரிங் முடித்தவர்கள் வேலை பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நான் கட்டடங்கள் பக்கம். சைட்டில், அதாவது கட்டுமானம் நடக்கும் இடத்தில் தொடங்கி, இப்போது ஸ்ட்ரக்சுரல் டிசைன் அலுவலகத்தில் இருக்கிறேன். பீம், தூண், ஸ்லாப் எடை தாங்குமா என்று கணக்குப் போடும் இடம் அது. சாலை, அணைக்காரர்கள் மன்னிக்கவும்.

ஈரோட்டிலிருந்து: அண்ணா, அபார்ட்மென்ட் சைட்டில் வேலை கிடைத்திருக்கிறது. முதல் ஆறு மாதம் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

நல்ல இடம் தம்பி. முதலில் பார் பெண்டிங் ஷெட்யூலை, அதாவது எந்தக் கம்பி, எவ்வளவு நீளம், எத்தனை என்ற பட்டியலைக் கையால் போட்டுப் பழகுங்கள். கம்பியின் விட்டத்தை வர்க்கப்படுத்தி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பிக்கு 0.89, 16க்கு 1.58. கம்பி லாரி வரும்போது எடைச்சீட்டோடு இதை ஒப்பிடத் தெரிந்தாலே உங்கள் பேச்சைக் கேட்க ஆரம்பிப்பார்கள்.

அப்புறம் ஆட்டோ லெவல், மட்டம் பார்க்கும் கருவி. சர்வேயர் வரட்டும் என்று உட்காராமல் நீங்களே ஸ்டாஃப் (அளவுகோல்) ரீடிங் எடுங்கள். கான்கிரீட் போடும் நாளில் ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) பாருங்கள், வலிமையைச் சோதிக்க கியூப் எடுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 படி 5 கன மீட்டர் வரை ஒரு சாம்பிள், 15 வரை இரண்டு, 30 வரை மூன்று. ஒரு சாம்பிள் என்றால் மூன்று கியூப். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை, முட்டு) பிரிக்கும் நாளிலும் மேஸ்திரி அவசரப்படுவார். சாதாரண சிமென்ட்டுக்கு, 4.5 மீட்டர் வரை ஸ்பான் (தாங்கும் இடங்களுக்கு இடையிலான தூரம்) உள்ள ஸ்லாபின் முட்டுகளை 7 நாளுக்கு முன் எடுக்கக் கூடாது, அதைத் தாண்டினால் 14 நாள். அதே மேஸ்திரியிடம் கம்பி கட்டும் வரிசையைக் கேட்டுக் கற்றுக்கொள்ள வெட்கப்படாதீர்கள்.

கண்ணால் பார்க்காத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். கைதானவர்களில் சைட் இன்ஜினியர்களும் உண்டு.

மதுரை மாணவி: வீட்டில் சைட் வேலை வேண்டாம் என்கிறார்கள். பெண்களுக்கு வேறு வழி இருக்கிறதா சார்?

பிளானிங், குவான்டிட்டி சர்வே (பொருள், வேலை அளவுக் கணக்கு), குவாலிட்டி லேப், டிசைன் எல்லாம் இருக்கிறது. ஆனால் உங்களுக்கே சைட் பிடித்திருந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள் மா. நேர்காணலில் இரண்டு கேள்வி கேளுங்கள்: சைட்டில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, இரவில் கான்கிரீட் போட்டால் வீட்டுக்கு வண்டி உண்டா? பதில் சொல்லத் தடுமாறும் கம்பெனிக்குப் போக வேண்டாம்.

எந்த சாஃப்ட்வேர் கோர்ஸ் சேரலாம்?

ஆட்டோகேட், எக்செல். இந்த இரண்டும் சரளமாக வந்த பிறகு மற்றதைப் பேசலாம்.

டி.என்.பி.எஸ்.சி. ஏ.இ. தேர்வா, கேட் தேர்வா?

தமிழக அரசுத் துறையில் உதவிப் பொறியாளர் (ஏ.இ.) ஆக வேண்டுமென்றால் முதலாவது. பொதுத்துறை நிறுவனம் அல்லது எம்.டெக். என்றால் கேட், அந்த மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழ்த் தகுதித் தாளை அலட்சியம் செய்யாதீர்கள். 150க்கு 60 வராவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். மத்திய அரசின் ஜூனியர் இன்ஜினியர் தேர்வான எஸ்.எஸ்.சி. ஜே.இ.யும் எழுதுங்கள், அது டிப்ளமோவுக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

கோவையிலிருந்து, எம்.இ. ஸ்ட்ரக்சுரல்: சைட்டுக்குப் போனவன் டிசைனுக்குத் திரும்ப முடியாது. நேராக எம்.இ. சேருவதுதான் சரி. தவறாக வழிகாட்டுகிறீர்கள்.

திரும்பி வந்தவன்தான் பதில் எழுதுகிறேன். எம்.இ. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கணக்கு பாருங்கள். 230 மி.மீ. அகல பீம். இரண்டு பக்கமும் 30 கவர் (கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட்), 8 மி.மீ. ஸ்டிரப் (சுற்றுக் கம்பி). மீதி 154. சாஃப்ட்வேர் ஐந்து 25 மி.மீ. கம்பி கேட்கிறது. கம்பிகளே 125ஐ எடுத்துக்கொள்ளும். நான்கு இடைவெளிக்கு மிஞ்சுவது 29, ஆளுக்கு 7 மி.மீ. சொச்சம். 20 மி.மீ. ஜல்லி எங்கே இறங்கும்? ஐ.எஸ். 456 கோட் குறைந்தது 25 கேட்கிறது. ஒரு வரிசையில் மூன்று கம்பிக்கு மேல் போகாது. சைட்டில் தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்த பீமைப் பார்த்தவன் இந்த டிராயிங்கை வெளியே விடமாட்டான்.

அதே கோவைக்காரர்: இரண்டு அடுக்காக வைத்தால் போயிற்று. அதைப் பார்ப்பது கம்பி டிராயிங் போடும் டீடெய்லர் வேலை.

வைக்கலாம், நியாயம். கீழே மூன்று, மேலே இரண்டு. 450 மி.மீ. உயர பீமில் எஃபெக்டிவ் டெப்த் (மேல் விளிம்பிலிருந்து கம்பிகளின் மையம் வரை) 399இலிருந்து சுமார் 380க்கு இறங்கும். மறுபடி கணக்குப் போட்டீர்களா, இல்லை டீடெய்லர் தலையில் கட்டினீர்களா? டிராயிங்கில் கையெழுத்து உங்களுடையது சார்.

திருச்சி பில்லிங் இன்ஜினியர்: நீங்கள் சண்டை போடுங்கள். ஆர்.ஏ. பில் (வேலை நடக்க நடக்கப் போடும் பில்) போடத் தெரிந்தவனைத்தான் ஒப்பந்ததாரர்கள் தேடுகிறார்கள்.

உண்மை, கல்லூரியில் யாரும் இதைச் சொல்வதில்லை. 1.2க்கு 1.2 மீட்டர் ஜன்னல் 1.44 சதுர மீட்டர். சுவரின் இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால், வேலையை அளக்கும் விதியான ஐ.எஸ். 1200 படி பூச்சுப் பரப்பில் ஜன்னலை ஒரு முகத்துக்கு மட்டும்தான் கழிக்க வேண்டும். இரண்டு முகமும் கழித்து பில் போட்டு முதலாளிக்கு நஷ்டம் வைக்கும் புதியவர்கள் ஏராளம். கணக்கில் ஆர்வம் இருந்தால் அருமையான பாதை.

கோவைக்காரர்: மறுபடி கணக்குப் போடுவோம். எல்லா டிசைனரும் அப்படி இல்லை.

சந்தோஷம். இதோடு விடுவோம், கேள்விகள் காத்திருக்கின்றன.

டிசைன் சாஃப்ட்வேரில் ஸ்டாட் ப்ரோவா, ஈடாப்ஸா?

மேலே சொன்னேன், முதலில் ஆட்டோகேட், எக்செல்.

ரெவிட் (கட்டடத்தை 3டி மாடலாகப் போடும் சாஃப்ட்வேர்) படித்தால் வேலை நிச்சயமா சார்?

நிச்சயம் என்று சொல்பவர் கோர்ஸ் விற்பவர்.

கல்ஃப் வேலைக்கு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐ.டி.க்கு மாறலாமா?

அதை ஐ.டி.யில் இருப்பவரிடம் கேளுங்கள்.

சார், கான்கிரீட் கியூபின் 28 நாள் வலிமைச் சோதனை ரிசல்ட் வரவில்லை, ஆனால் கியூப் ரிஜிஸ்டரில் இன்றே கையெழுத்துக் கேட்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கியூப் வார்த்தபோது நீங்கள் இருந்தீர்களா? இருந்தால் தேதி, கிரேடு, எந்த இடத்து கான்கிரீட் என்பதை மட்டும் எழுதி அதற்குக் கையெழுத்திடுங்கள். ரிசல்ட் கட்டத்தின் குறுக்கே ‘சோதனை நிலுவை’ என்று பேனாவால் எழுதிவிடுங்கள். பென்சில் வேண்டாம். பக்கத்தைப் படம் எடுத்து அன்றைக்கே ப்ராஜெக்ட் மேனேஜருக்கு மெயில் அனுப்புங்கள். திட்டினால் திட்டட்டும், மெயில் இருக்கட்டும்.