வாய் நாற்றத்துக்குப் பெப்பர்மிண்ட் கைகொடுக்குமா?

ஏற்காட்டில் ஒரு கடையில் பெப்பர்மிண்ட் எண்ணெய் வாங்கி வந்ததாகவும், வாய் நாற்றத்துக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் சேலத்துக்காரன், என் அனுபவத்தோடு சேர்த்துச் சொல்கிறேன்.

அந்த எண்ணெயை வாயில் விடாதீர்கள். ரொம்பச் செறிவானது, தண்ணீரிலும் கரையாமல் மேலே மிதக்கும், பட்ட இடம் எரியும். கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் எட்டாத உயரத்தில் வையுங்கள். அதில் இருக்கும் மென்தால் என்ற ஜில்லிப்புப் பொருள் குழந்தையின் மூக்கருகே பட்டாலே மூச்சுத் திணறல் வரலாம். வாய்க்கு இலையே போதும்.

உழவர் சந்தையில் கட்டாகக் கிடைக்கும் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மிண்ட் வகை. அதுவும் நீர்ப்புதினாவும் கலந்து பிறந்த செடிதான் பெப்பர்மிண்ட். விதை பிடிக்காது, தண்டை ஒடித்து நட்டுத்தான் வளர்க்க வேண்டும். மென்தால் இதில்தான் அதிகம். மென்தால் உண்மையில் வாயைக் குளிரவைப்பதில்லை, குளிரை உணரும் நரம்பைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். வாய் சுத்தமாகிவிட்டது என்று நமக்குத் தோன்றுவதில் பாதி இந்த ஜில்லிப்பின் வேலை.

பூண்டு வாடைக்கு மட்டும் புதினாவை நான் முழுசாக நம்புவேன். சாயங்காலம் எங்கள் ஊர் தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்த்துருவலும் வைத்துத் தருவது) சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியும், அந்தச் சிவப்புப் பூண்டுச் சட்னியின் வாடை பல் துலக்கினாலும் போகாது. பூண்டிலிருந்து உண்டாகும் ஒரு கந்தகப் பொருள் இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வந்துகொண்டே இருப்பதுதான் காரணம். பூண்டு தின்ற கையோடு பச்சைப் புதினா இலையை மென்றால் அந்த வாடை நன்றாகக் குறைவதை ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். செட்டில் புதினா போட்ட பச்சைச் சட்னியைக் கொஞ்சம் தாராளமாக வைக்கச் சொல்லுங்கள், ருசிக்கும் நல்லது!

தினமும் இருக்கிற நாற்றம் வேறு கதை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் எங்கள் மாமாவுக்கு இது இருந்தது. பட்டறையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வேலை செய்வார்கள், பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பினால் தெரிந்துவிடும் அல்லவா? மனுஷர் சட்டைப் பையில் எப்போதும் புதினா மிட்டாய் வைத்திருப்பார். அதில் இருப்பது சர்க்கரை. அது வாய்க் கிருமிக்குத்தான் தீனி. கடைசியில் அத்தை பிடிவாதம் பிடித்துப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனார். ஈறுக்கு அடியில் காரை கட்டி, சீழ் வைத்திருந்தது. இரத்தத்தில் சர்க்கரையும் கூடுதல். காரையை எடுத்து, சர்க்கரைக்கும் மாத்திரை ஆரம்பித்த பிறகு மிட்டாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று.

பெரும்பாலான வாய் நாற்றம் நாக்கின் பின்பகுதியிலும் ஈறு இடுக்கிலும் காற்றுப் படாமல் வாழும் கிருமிகள் விடும் கந்தக வாயுதான். இலை அதை மூடி மறைக்கும், வழித்தெடுக்காது. அதற்கு டங் கிளீனர் வேண்டும், அதுவும் நுனியில் மட்டும் இழுக்காமல் உள்ளே வரை. வாய் காய்ந்தாலும் நாறும், தண்ணீர் குடியுங்கள்.

நான் செய்வது இதுதான். ஒரு டம்ளர் கொதித்த நீரில் காய்ந்த பெப்பர்மிண்ட் இலை ஒரு ஸ்பூன் போட்டு, தட்டால் மூடி, பத்து நிமிடம் விடுவேன். மூடாவிட்டால் மென்தால் ஆவியோடு போய்விடும். ஆறிய பிறகு வடிகட்டி, சர்க்கரை சேர்க்காமல் கொப்பளிப்பேன். பல் துலக்கி, நாக்கு வழித்த பிறகுதான் இது.

நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் உள்ளவர்கள் இதைக் குடிக்க வேண்டாம், கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். பெப்பர்மிண்ட் உணவுக்குழாயின் அடிவாயைத் தளர்த்திவிடும், அமிலம் இன்னும் மேலே ஏறும். புளிப்பு வாடை அங்கிருந்து வருகிறதென்றால் வயிற்று டாக்டரைப் பாருங்கள்.